கோப்பை வீட்டில், வேலை வெளிநாட்டில்

2025 ஜனவரியில் சான் டியாகோ வேவ் கிளப்பின் தடுப்பாட்டக்காரர் நயோமி கிர்மாவை லண்டனின் செல்சி கிளப் 11 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. மகளிர் கால்பந்தில் ஒரு வீராங்கனைக்கான இடமாற்றத் தொகை 10 லட்சம் டாலரைத் தாண்டியது அதுவே முதல் முறை. அதே மாதத்தில் கிரிஸ்டல் டன் பாரிஸ் செயின்ட் ஜெர்மெய்னுக்கும், ஜென்னா நைஸ்வாங்கர் ஆர்சனலுக்கும் புறப்பட்டார்கள். மூவருமே அதற்குச் சில மாதங்களுக்கு முன் பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணியில் இருந்தவர்கள். உலகிலேயே சிறந்த மகளிர் லீக் தங்களுடையதுதான் என்று நம்பியிருந்த அமெரிக்க ரசிகர்களிடையே உடனே ஒரு கவலை கிளம்பியது. நம் பெண்கள் ஏன் போகிறார்கள்?

இந்தக் கேள்விக்கு வயது முப்பத்தைந்துக்கு மேல் ஆகிறது. காரணம்தான் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. முதலில் அமெரிக்காவில் அவர்கள் ஆடுவதற்கு லீக்கே கிடையாது. பிறகு லீக் வந்தது, ஆனால் யாரிடம் வேலை செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை வீராங்கனைக்கு இல்லை. இப்போது பிரச்சினை பெரும்பாலும் விலை பற்றியது. வெளியே போனவர்களை நாட்டுப்பற்று குறைந்தவர்களாகப் பேசும் வழக்கம் அங்கே இன்னும் ஓயவில்லை. எனக்கு அது மிகவும் அநியாயமாகப் படுகிறது. உள்நாட்டில் இன்று வீராங்கனைகளுக்குக் கிடைத்திருக்கும் உரிமைகளில் பாதிக்கு மேல், 'வேண்டாம், நான் வெளிநாடு போகிறேன்' என்று சொல்ல முடிந்தவர்களால் வந்தவை.

பின்னோக்கிப் போவோம். 1991-இல் சீனாவில் நடந்த முதல் மகளிர் உலகக் கோப்பையை அமெரிக்கா வென்றது. அந்தத் தொடரில் 10 கோல் போட்டு முதலிடம் பிடித்தவர் மிஷல் ஏக்கர்ஸ். ஊர் திரும்பிய உலக சாம்பியன்களுக்கு ஆடுவதற்குத் தொழில்முறை அணி ஒன்றுகூட இல்லை. ஏக்கர்ஸ் ஸ்வீடனுக்குப் போனார். ஸ்டாக்ஹோம் அருகே உள்ள டியுரெசோ என்ற புறநகர்க் கிளப்புக்கு அவர் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திரும்பத் திரும்பப் போய் ஆடினார். 1994-இல் கிறிஸ்டின் லில்லியும் ஜூலி ஃபவுடியும் அதே கிளப்பின் சட்டையை அணிந்தார்கள். பிராண்டி சாஸ்டைன் ஜப்பானுக்குப் போய் 1993-இல் ஷிரோகி செரீனா அணிக்கு ஆடினார். அப்போது ஜப்பானிய நிறுவனங்கள் தங்கள் பெயரில் மகளிர் அணிகளை நடத்தி, வெளிநாட்டு வீராங்கனைகளுக்கு நல்ல பணம் கொடுத்து வந்தன. 1999 உலகக் கோப்பை இறுதியில், ரோஸ் பௌல் மைதானத்தில் 90,185 பேர் முன்னிலையில் சாஸ்டைன் அடித்த பெனால்டியை உலகமே நினைவில் வைத்திருக்கிறது. அவரது தொழில்முறை ஆட்டம் அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன் ஜப்பானில் நடந்தது என்பது பலருக்கு நினைவில் இல்லை.

இத்தனை திறமையான ஆட்டக்காரர்கள் இருந்தும் லீக் இல்லாமல் போனது எப்படி? 1972-இல் வந்த 'டைட்டில் நைன்' சட்டம் இதற்கு ஒரு பாதி விளக்கம். அரசு நிதி பெறும் கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாடு கூடாது என்றது அந்தச் சட்டம். ஆண்கள் விளையாட்டுக்குச் செலவழித்த பல்கலைக்கழகங்கள் பெண்களுக்கும் அணி அமைக்க வேண்டியதாயிற்று. கால்பந்துக்குப் பெரிய அணி வேண்டும், அதிக உதவித்தொகை கொடுக்கலாம். எனவே அது வேகமாகப் பரவியது. இன்று உயர்நிலைப் பிரிவில் மட்டுமே முந்நூறுக்கு மேற்பட்ட பல்கலைக்கழகங்களில் பெண்கள் கால்பந்து அணிகள் உள்ளன. வேறு எந்த நாட்டிலும் இப்படியொரு பயிற்சிக் களம் இல்லை. ஆனால் சட்டம் பட்டமளிப்பு விழாவோடு நின்றுவிடுகிறது. 22 வயதில் சான்றிதழை வாங்கிக்கொண்டு வெளியே வரும் பெண்ணுக்கு அதற்குப் பிறகு ஆட ஓர் இடம் தர வேண்டிய கடமை யாருக்கும் இல்லை.

1999-இன் உற்சாகத்தில் 2001-இல் முதல் தொழில்முறை லீக் தொடங்கியது. கேபிள் தொலைக்காட்சி நிறுவனங்கள் முதலீடு செய்தன. மூன்று பருவங்களில் சுமார் 10 கோடி டாலர் கரைந்தது. 2003 செப்டம்பரில், சொந்த நாட்டில் உலகக் கோப்பை தொடங்கச் சில நாட்களே இருந்தபோது, லீக் மூடப்பட்டது. அதன் பிறகு 2009 வரை அங்கே முழுநேரத் தொழில்முறை லீக் எதுவும் இல்லை. அந்த ஆறாண்டு இடைவெளியில் பட்டம் பெற்ற ஒரு தலைமுறை முழுவதும் ஒன்று பூட்ஸைக் கழற்றிவைக்க வேண்டும், இல்லையென்றால் கடவுச்சீட்டு எடுக்க வேண்டும்.

அலி கிரீகர் அந்தத் தலைமுறை. வர்ஜீனியாக்காரர். பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படித்தபோது கால் முறிந்தது. அதைத் தொடர்ந்து நுரையீரலில் இரத்தக்கட்டி ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகிப் பிழைத்தவர். 2007-இல் அவர் ஜெர்மனியின் எஃப்எஃப்சி ஃபிராங்க்ஃபர்ட் கிளப்பில் சேர்ந்தார். ஜெர்மனி அப்போது அடுத்தடுத்து இரண்டு உலகக் கோப்பைகளை வென்ற நாடு. முதல் பருவத்திலேயே ஃபிராங்க்ஃபர்ட் லீக், நாட்டுக் கோப்பை, ஐரோப்பியக் கோப்பை மூன்றையும் வென்றது. 2008-இல் அந்த ஐரோப்பிய இறுதியின் இரண்டாவது ஆட்டத்தைச் சொந்த மைதானத்தில் 27 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்து பார்த்தார்கள். அதே நேரத்தில் அமெரிக்காவில் அவருடைய வயதுப் பெண்களுக்கு மைதானமும் இல்லை, கூட்டமும் இல்லை. கிரீகர் ஜெர்மன் மொழி கற்றுக்கொண்டு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் அங்கேயே நிலைத்தார்.

பிறகு 2011 வந்தது. உலகக் கோப்பை ஜெர்மனியில். டிரெஸ்டனில் பிரேசிலுக்கு எதிரான காலிறுதியில் கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில் மேகன் ரெப்பினோ தூக்கி அனுப்பிய பந்தை ஆபி வாம்பாக் தலையால் முட்டிச் சமன் செய்தார். ஆட்டம் பெனால்டிக்குப் போனது. ஐந்தாவது, கடைசி உதையை எடுக்க வந்தவர் கிரீகர். உள்ளே போட்டார், அமெரிக்கா அரையிறுதிக்குப் போனது. இறுதி ஆட்டம் நடந்த ஊர் ஃபிராங்க்ஃபர்ட். அதில் ஜப்பானிடம் பெனால்டியில் தோற்றாலும், அந்தத் தொடர் முழுவதும் அமெரிக்க அணியின் வலப்புறத்தைக் காத்தது ஒரு ஜெர்மன் கிளப் வளர்த்த ஆட்டக்காரர்தான். வெளிநாட்டில் ஆடுவது தேசிய அணியைப் பலவீனப்படுத்தும் என்பவர்களுக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை.

கிரீகரோடு அதே ஆண்டு ஃபிராங்க்ஃபர்ட் போனவர் ஜீனா லெவண்டோவ்ஸ்கி. பென்சில்வேனியாவில் உள்ள லீஹை பல்கலைக்கழகத்தில் படித்தவர். கால்பந்தில் பெரிய பெயர் பெற்ற கல்லூரி அல்ல அது. ஃபிராங்க்ஃபர்ட்டிலும் பின்னர் 2012 முதல் 2019 வரை பயர்ன் மியூனிக்கிலும் ஆடி, ஜெர்மன் லீக் பட்டங்களைப் பலமுறை வென்றார். அமெரிக்கத் தேசிய அணிக்கு அவர் ஆடியது ஒரே ஓர் ஆட்டம். 2015 அக்டோபரில், முப்பது வயதில். ஐரோப்பாவின் உச்சத்தில் பத்தாண்டுக்கு மேல் நின்ற ஒருவரைச் சொந்த நாடு ஒரே ஒரு மாலைப்பொழுதுக்கு மட்டும் அழைத்தது. எனக்கு இந்தக் கதையில் கிரீகரைவிட லெவண்டோவ்ஸ்கிதான் அதிகம் மனதில் நிற்கிறார். பார்வைக்கு வராமல் போவது என்பது வெளிநாட்டு வாழ்க்கையின் உண்மையான விலை.

2009-இல் தொடங்கிய இரண்டாவது லீக்கும் மூன்று பருவங்களோடு முடிந்தது. கிளப் உரிமையாளர் ஒருவருடன் நடந்த சட்டச் சண்டையே அதன் கடைசி அடி. 2012-இல் லீக் நின்றுபோனபோது கிறிஸ்டன் பிரஸ் ஓராண்டு அனுபவமுள்ள முன்களவீரர். முந்தைய பருவத்தின் சிறந்த அறிமுக ஆட்டக்காரர் விருதை வாங்கியிருந்தார். விருதைக் கொடுத்த லீக் இல்லாமல் போனது. அவர் ஸ்வீடனின் கோத்தன்பர்க் கிளப்பில் சேர்ந்தார். அமெரிக்கத் தேசிய அணியின் அன்றைய பயிற்சியாளர் பியா சுண்டாகே ஸ்வீடன்காரர். அந்த லீகின் தரம் அவருக்குத் தெரியும். லண்டன் ஒலிம்பிக்குக்குப் பிரஸ்ஸை மாற்று ஆட்டக்காரர்களில் ஒருவராகச் சேர்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டு டியுரெசோவுக்கு மாறிய பிரஸ், 23 கோல்களுடன் ஸ்வீடன் லீகின் அதிக கோல் அடித்தவரானார்.

அந்த டியுரெசோவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏக்கர்ஸ் ஆடிய அதே புறநகர்க் கிளப் இப்போது மார்த்தா, வெரோனிகா பொகெட்டே, பிரஸ், மெகன் கிளிங்கன்பர்க், விட்னி எங்கென் என்று உலக நட்சத்திரங்களை ஒரே அணியில் திரட்டியிருந்தது. 2014 மே மாதம் லிஸ்பனில், ஐரோப்பியக் கிளப்புகளின் உச்சத் தொடரான சாம்பியன்ஸ் லீகின் இறுதி. எதிரில் வொல்ஃப்ஸ்பர்க். டியுரெசோ இரண்டு கோல் முன்னிலை பெற்றது, பிறகு அதை இழந்தது, 4-3 என்று தோற்றது. மார்த்தா இரண்டு கோல் போட்டார். ஆட்டத்தைப் பார்த்தவர்கள் அதை மகளிர் கிளப் கால்பந்தின் மிகச் சிறந்த இறுதிகளில் ஒன்றாகச் சொல்வார்கள். ஆனால் அந்த வீராங்கனைகளுக்கு ஏற்கெனவே ஒன்று தெரிந்திருந்தது: கிளப்பிடம் பணம் இல்லை. ஜூன் மாதத்தில் டியுரெசோ திவாலாகி லீகிலிருந்து விலகியது. அந்தப் பருவத்தில் அது ஆடிய லீக் ஆட்டங்கள் கணக்கிலிருந்தே நீக்கப்பட்டன. மார்த்தா ரோசன்கோர்டுக்கும் பிரஸ் சிகாகோவுக்கும் போனார்கள். ஐரோப்பா என்றால் நிலையான வேலை என்று எண்ணுபவர்கள் லிஸ்பனில் நடந்ததை மறக்கக் கூடாது. அமெரிக்காவில் லீக்குகள் விழுந்தன. ஐரோப்பாவில் கிளப்புகள் விழுந்தன.

2013-இல் மூன்றாவது முயற்சியாகத் தேசிய மகளிர் சாக்கர் லீக் பிறந்தது. முந்தைய இரண்டும் பணமில்லாமல் செத்ததால், இம்முறை வேறு ஏற்பாடு. தேசிய அணி வீராங்கனைகளின் கிளப் சம்பளத்தைக் கால்பந்து சம்மேளனமே கொடுத்தது. கிளப்புகள் மற்றவர்களுக்கு மட்டும் சம்பளம் கொடுத்தால் போதும்; அதற்கும் மிகக் குறைந்த உச்சவரம்பு. முதல் பருவத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 6,000 டாலர். மாதத்துக்கு அல்ல, ஒரு பருவம் முழுவதற்கும். அதே 2013-இல் ரெப்பினோ பிரான்ஸின் லியோன் கிளப்பில் ஆடினார். அவருக்கு மாதம் சுமார் 14,000 டாலர் என்று அப்போது செய்தி வந்தது. உள்நாட்டில் பயிற்சிக்குப் பிறகு குழந்தைகளுக்குக் கால்பந்து கற்றுக்கொடுத்தும், ஆதரவுக் குடும்பங்களின் வீடுகளில் தங்கியும் காலம் தள்ளியவர்கள் ஏராளம்.

இந்த ஏற்பாடுதான் லீக்கைக் காப்பாற்றியது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. கிளப் சம்பளமும் தேசிய அணி இடமும் ஒரே கையிலிருந்து வரும்போது, வெளிநாடு போவது அந்தக் கையை உதறுவதாக ஆகிவிடுகிறது. லிண்ட்சி ஹோரனின் வாழ்க்கை இதைத் தெளிவாகக் காட்டும். கொலராடோ மாநிலத்தைச் சேர்ந்த அவர் 2012-இல், 18 வயதில், நார்த் கரோலினா பல்கலைக்கழகத்தின் உதவித்தொகையை விட்டுவிட்டு நேராகப் பாரிஸ் செயின்ட் ஜெர்மெய்னில் சேர்ந்தார். பள்ளியிலிருந்து நேரடியாகத் தொழில்முறைக்குப் போன முதல் அமெரிக்கப் பெண் அவர்தான். பெண்கள் கால்பந்தின் மிகப் பெரிய கல்லூரியை ஒரு பதினெட்டு வயதுப் பெண் நிராகரித்தது அன்று பலருக்கு முட்டாள்தனமாகத் தெரிந்தது. பாரிஸில் கோல் மேல் கோல் போட்டார். ஆனாலும் 2015 உலகக் கோப்பை அணியில் அவர் இல்லை. ரியோ ஒலிம்பிக் நெருங்கியபோது, தேசிய அணியில் நிலைபெற உள்நாட்டில் ஆடுவதே வழி என்று முடிவெடுத்து 2016 தொடக்கத்தில் போர்ட்லாந்துக்குத் திரும்பினார். 2018-இல் லீகின் சிறந்த வீராங்கனை. 2019-இல் உலக சாம்பியன். 2022-இல் மீண்டும் பிரான்ஸ், இம்முறை லியோன். அதே ஆண்டு சாம்பியன்ஸ் லீக் கோப்பை. 2024 ஒலிம்பிக்கில் தங்கம் வென்றபோது அணித்தலைவர் அவர். முதல் முறை போனதற்கு ஓர் உலகக் கோப்பையை இழந்தவர், இரண்டாம் முறை போனபோது அணித்தலைவராகவே இருக்க முடிந்தது. இடையில் மாறியது ஹோரன் அல்ல, விதிகள். 2022-இல் வீராங்கனைகளும் சம்மேளனமும் செய்துகொண்ட சம ஊதிய ஒப்பந்தத்தோடு, சம்மேளனம் கிளப் சம்பளம் கொடுக்கும் முறை முடிவுக்கு வந்தது.

லியோனைப் பற்றி ஒரு வார்த்தை. ஜான்-மிஷெல் ஓலா என்ற தலைவர் மகளிர் அணியை ஆண்கள் அணியின் நிழலாக நடத்தாமல், அதே பயிற்சி வசதிகள், அதே மருத்துவர்கள், முறையான சம்பளம் என்று வளர்த்தார். எட்டு முறை ஐரோப்பிய சாம்பியன். அலெக்ஸ் மோர்கன் 2017-இல் ஆறு மாதம் அங்கே ஆடி மூன்று கோப்பைகளோடு திரும்பினார். அதே ஆண்டு கார்லி லாயிட் மான்செஸ்டர் சிட்டிக்காக வெம்ப்ளியில் எஃப்ஏ கோப்பை இறுதியில் கோல் போட்டார். உலகக் கோப்பையும் ஒலிம்பிக்கும் இல்லாத ஆண்டு என்பதால் இவர்களுக்கு அந்தத் துணிச்சல் சாத்தியமானது. 2020-இல் பெருந்தொற்று உள்நாட்டுப் பருவத்தைச் சுருக்கியபோது இன்னொரு அலை கிளம்பியது. ரோஸ் லவெல், சாம் மூயிஸ் மான்செஸ்டர் சிட்டிக்கு. பிரஸ், டோபின் ஹீத் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு. யுனைடெட் கடையில் இவ்விருவர் பெயர் பொறித்த சட்டைகள் முதல் சில நாட்களில் ஆண்கள் அணியினரின் சட்டைகளைவிட அதிகம் விற்றன. இங்கிலாந்து கிளப்புகள் அந்த விற்பனையைக் கவனமாகக் குறித்துக்கொண்டன.

இதுவரை சொன்னவர்கள் எல்லாம் பெயர் தெரிந்தவர்கள். ஆனால் கடல் தாண்டும் அமெரிக்கப் பெண்களில் மிகப் பெரும்பாலோர் தேசிய அணியின் அருகில்கூடப் போகாதவர்கள். கணக்கைப் பாருங்கள். ஒவ்வோர் ஆண்டும் கல்லூரி ஆட்டத்தை முடித்து வெளியே வருபவர்கள் ஆயிரக்கணக்கில். 2024-இல் நடந்த கல்லூரி வீராங்கனைத் தேர்வில், அதாவது கிளப்புகள் முறைவைத்து ஆள் எடுக்கும் 'டிராஃப்ட்'டில், 14 கிளப்புகள் எடுத்தது மொத்தம் 56 பேரை. எடுக்கப்பட்டவர்கள் அனைவருக்கும் ஒப்பந்தம் கிடைத்ததும் இல்லை. மிச்சம் இருப்பவர்களில் ஆட்டத்தை விட மனமில்லாதவர்கள் ஒரு காணொலித் தொகுப்பைத் தயார் செய்து, ஏஜென்ட் ஒருவரைப் பிடித்து, ஐஸ்லாந்து, ஸ்வீடனின் இரண்டாம் பிரிவு, போர்ச்சுகல், சைப்ரஸ் என்று அனுப்புகிறார்கள்.

கல்லூரிப் பருவம் டிசம்பரில் முடிகிறது. ஸ்வீடனிலும் ஐஸ்லாந்திலும் பருவம் வசந்தத்தில் தொடங்குகிறது. இந்தக் காலப் பொருத்தம்தான் வட ஐரோப்பாவில் அமெரிக்கப் பெண்கள் குவிந்ததற்கு முக்கியக் காரணம். அந்த முதல் ஒப்பந்தம் எப்படி இருக்கும்? போக வர விமான டிக்கெட், இன்னொரு வெளிநாட்டு ஆட்டக்காரரோடு பகிர்ந்துகொள்ளும் வீடு, சில இடங்களில் ஒரு கார், கைச்செலவுக்கு மேல் கொஞ்சம் பணம். வாரத்தில் சில மாலைகள் கிளப்பின் சிறுமிகளுக்குப் பயிற்சி கொடுப்பதும் வேலையில் அடக்கம். உடன் ஆடும் உள்ளூர்ப் பெண்கள் பகலில் செவிலியராகவோ ஆசிரியராகவோ வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருவார்கள். அணியில் கால்பந்துக்காக மட்டுமே அந்த ஊருக்கு வந்தவர் இந்த அமெரிக்கப் பெண் ஒருவராக இருக்கலாம். அதனால் அணி தோற்றால் பழியும் அவர் மேல்தான் முதலில் விழும். வெளிநாட்டு ஆட்டக்காரர் என்றால் கோல் போட வேண்டும், இல்லையென்றால் கோடையில் வேறு ஒருவர் வந்துவிடுவார்.

ஐஸ்லாந்தின் தென்கரைக்கு அப்பால் வெஸ்ட்மன் தீவுகள் இருக்கின்றன. மொத்தம் நாலாயிரத்துச் சொச்சம் மக்கள். 1973-இல் எரிமலை வெடித்து ஊரின் ஒரு பகுதியை மூடிய தீவு. அங்கே ஐபிவி என்ற கிளப்பின் மைதானம் செங்குத்தான பாறைகளின் அடிவாரத்தில் இருக்கிறது. வெளியூர் ஆட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் படகு ஏற வேண்டும். இந்தக் கிளப் பல ஆண்டுகளாக அமெரிக்கக் கல்லூரிகளிலிருந்து பெண்களை அழைத்து வருகிறது. அப்படி 2015-இல் வந்தவர்களில் ஒருவர் குளோயி லகாஸ். கனடாக்காரர், அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் ஆடியவர். அந்தச் சிறு தீவில் பல பருவங்கள் கோல் போட்டுக் குவித்து, 2017-இல் ஐஸ்லாந்துக் கோப்பையும் வென்று, 2019-இல் பென்ஃபிகாவுக்கும் பிறகு ஆர்சனலுக்கும் போனார். ஐயோவாவிலிருந்து ஆர்சனலுக்கு நேர் வழி இல்லை. வெஸ்ட்மன் தீவுகள் வழியாக இருந்தது. இப்படி ஏறி வந்தவர்கள் சிலர். ஓரிரு பருவம் ஆடிவிட்டு முழங்காலில் காயத்தோடு வீடு திரும்பியவர்களே அதிகம். அவர்கள் பெயரை எந்தச் செய்தியும் சொல்வதில்லை.

சைப்ரஸ் போன்ற நாடுகளின் சாம்பியன் கிளப்புகளுக்கு இன்னொரு கணக்கு உண்டு. சாம்பியன்ஸ் லீகின் தகுதிச் சுற்று ஆகஸ்ட் வாக்கில் தொடங்கும். அதில் ஒன்றிரண்டு ஆட்டம் வென்றால் கிளப்புக்குப் பணமும் பெயரும். அதற்காகக் கோடையில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களைச் சேர்த்து அணியையே புதிதாகக் கட்டுவார்கள். சைப்ரஸின் அப்போலோன் கிளப் இதில் தேர்ந்தது. பஞ்சாபைச் சேர்ந்த மனிஷா கல்யாண் 2022-இல் சாம்பியன்ஸ் லீகில் ஆடிய முதல் இந்தியர் ஆனதும் இந்தக் கிளப் வழியாகத்தான்.

இங்கிலாந்து மட்டும் இந்தக் கல்லூரிப் பெண்களுக்கு எளிதாகத் திறக்காத கதவு. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகிய பிறகு, வெளிநாட்டு ஆட்டக்காரருக்கு வேலை அனுமதி வாங்க மதிப்பெண் முறை வந்தது. தேசிய அணியில் எத்தனை ஆட்டம், எந்த லீகில் எத்தனை நிமிடம் என்று பார்ப்பார்கள். அமெரிக்கத் தேசிய வீராங்கனைக்கு அது தடையே அல்ல. கல்லூரிச் சாதனைகளைத் தவிர வேறு எதுவும் கையில் இல்லாதவருக்கு அது பெருஞ்சுவர்.

தெற்கே மெக்சிகோ. 2017-இல் தொடங்கிய அதன் மகளிர் லீக், சில ஆண்டுகளில் வெளிநாட்டவருக்கும் இடம் கொடுத்தது. அங்கே போன மியா ஃபிஷெல் ஒரு வழக்கத்தையே உடைத்தவர். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் படித்த அவரை 2022 பருவத்துக்கான தேர்வில் ஐந்தாவது ஆளாக ஆர்லாண்டோ கிளப் எடுத்தது. இந்தத் தேர்வு முறை நம் ஐபிஎல் ஏலத்தைப் போன்றதுதான், ஆனால் ஏலத்தொகை இல்லாமல். எந்தக் கிளப் பெயரைச் சொன்னதோ அந்த ஊருக்குப் போக வேண்டியிருந்தது. வேறு கிளப்போடு பேச உரிமை இருக்கவில்லை. ஃபிஷெல் போக மறுத்தார். மான்டெர்ரேயின் டிக்ரெஸ் கிளப்பில் சேர்ந்து, 2022-இன் இரண்டாம் பாதிப் பருவத்தில் 17 கோலுடன் முதலிடம் பிடித்தார். டிக்ரெஸ் கோப்பையும் வென்றது. அடுத்த ஆண்டு செல்சி அவரை வாங்கியது.

ஒரு 20 வயதுப் பெண்ணின் 'முடியாது' எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அந்தக் காலச் சூழலோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்க லீகில் பயிற்சியாளர்கள் வீராங்கனைகளிடம் பல ஆண்டுகளாக அத்துமீறி நடந்தது 2021-இல் அம்பலமானது. 2022 அக்டோபரில் வெளியான சாலி யேட்ஸ் விசாரணை அறிக்கை, அது சிலரின் தவறு மட்டுமல்ல, அமைப்பு முழுவதிலும் ஊறியது என்றது. தேர்வில் எடுக்கப்பட்டு, விருப்பமில்லாமலே வேறு ஊருக்கு மாற்றப்பட்டு, விலகவும் வழியில்லாமல் இருந்தவர்கள் யாரிடம் போய்ப் புகார் செய்வார்கள்? ஒருவர் தன் வேலையிடத்தைத் தேர்ந்தெடுக்க முடியாதபோது அவரது பாதுகாப்பும் அவர் கையில் இல்லை. வெளிநாடு என்ற வாசல் திறந்திருந்தது வெறும் பண விஷயம் அல்ல என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

2024 ஆகஸ்டில் லீகும் வீராங்கனைகள் சங்கமும் புதிய ஒப்பந்தம் செய்தன. கல்லூரித் தேர்வு முறை ஒழிந்தது. ஒப்பந்தம் முடிந்தால் விரும்பிய கிளப்புக்குப் போகலாம். சம்மதம் இல்லாமல் யாரையும் வேறு கிளப்புக்கு மாற்ற முடியாது. அமெரிக்காவின் பெரிய தொழில்முறை லீக்குகளில் தேர்வு முறையைக் கைவிட்ட முதல் லீக் இதுதான். குறைந்தபட்சச் சம்பளம் 2030-க்குள் 82,500 டாலராக உயரும். இதில் சம்பளத்தைத் தவிர மற்றவை ஐரோப்பாவில் முன்பே இருந்த உரிமைகள். உலகத்தோடு போட்டி போட வேண்டியிருந்ததால் அமெரிக்க வீராங்கனைகளுக்கும் வந்து சேர்ந்தன.

ஆனால் ஒன்று மாறவில்லை. கிளப்பின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருக்கிறது. 2025-இல் அது 33 லட்சம் டாலர். செல்சிக்கோ ஆர்சனலுக்கோ அப்படிப்பட்ட தடை இல்லை. கிர்மாவும், 2025 செப்டம்பரில் செல்சிக்குப் போன அலிஸா தாம்சனும் இந்த இடைவெளியில்தான் போனார்கள். வாஷிங்டன் கிளப்பின் நட்சத்திரம் டிரினிட்டி ராட்மனின் ஒப்பந்தம் 2025 இறுதியில் முடிந்தபோது லீக் நிஜமாகவே பதறியது. உச்சவரம்பைத் தாண்டிச் சிறப்பு வீராங்கனைகளுக்குப் பணம் கொடுக்கத் தனி விதியே கொண்டுவந்தார்கள். ராட்மன் வாஷிங்டனிலேயே தங்கினார். அவர் தங்கியதைவிட, தங்க வைக்க விதியை மாற்ற வேண்டியிருந்தது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. பணம் எதிர்த் திசையிலும் ஓடுகிறது: 2025 ஆகஸ்டில் ஆர்லாண்டோ கிளப் டிக்ரெஸிடமிருந்து மெக்சிகோவின் லிஸ்பெத் ஓவாயேவை வாங்கக் கொடுத்தது 15 லட்சம் டாலர்.

போவதில் இழப்பும் உண்டு. ஐரோப்பியப் பருவம் ஆகஸ்டில் தொடங்கி மே வரை. அமெரிக்காவில் மார்ச்சிலிருந்து நவம்பர். நடுவே மாறுபவர் ஓய்வில்லாமல் ஒன்றரைப் பருவம் ஆட நேரும். தேசிய அணி முகாமுக்காக ஆண்டுக்குப் பலமுறை அட்லாண்டிக்கைத் தாண்ட வேண்டும். கேட்டரீனா மகாரியோ 2022 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் லியோனுக்காகக் கோல் போட்ட சில நாட்களில் முழங்காலில் தசைநார் கிழிந்து, அடுத்த ஆண்டின் உலகக் கோப்பையை இழந்தார். ஃபிஷெலுக்கும் 2024-இல் அதே காயம். இவை வெளிநாட்டில் ஆடியதால் வந்தவை என்று யாரும் சொல்ல முடியாது. உள்நாட்டிலும் இதே காயம் பரவலாகவே இருக்கிறது. குடும்பம் எட்டு மணி நேர விமானப் பயணத் தொலைவில் இருக்கும்போது ஓராண்டு மறுவாழ்வுச் சிகிச்சை எப்படி இருக்கும் என்பது மட்டும் வேறு.

லிலி யோஹன்னஸ் போன்றவர்களுக்கு இந்தப் போவது, வருவது எல்லாமே பொருந்தாது. வர்ஜீனியாவில் பிறந்து, சிறுவயதிலேயே குடும்பத்தோடு நெதர்லாந்து போய், அயாக்ஸில் வளர்ந்தவர். நெதர்லாந்தா அமெரிக்காவா என்று 2024-இல் அவர் யோசித்தபோது, ஒரு முழு அமெரிக்கப் பல்கலைக்கழக முறையைத் தொடாமலே அமெரிக்க அணிக்கு ஒருவர் வர முடியும் என்பது மீண்டும் உறுதியானது. அவர் அமெரிக்காவைத் தேர்ந்தெடுத்தார், ஆடுவது லியோனில்.

இந்த உச்சத்தில் இருப்பவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அவர்களுக்கு ஏஜென்ட் உண்டு, வழக்கறிஞர் உண்டு, விலையும் உண்டு. உள்நாட்டு லீகில் இப்போது 16 கிளப்புகள் ஆகிவிட்டன. 2024-இல் இன்னொரு லீகும் ஐரோப்பியப் பருவத்தை ஒட்டித் தொடங்கியிருக்கிறது. அப்படியும் கல்லூரியிலிருந்து வெளிவருபவர்களில் சிறு பங்குக்குத்தான் இடம் போதும். மீதிப் பேர் இந்த வசந்தத்திலும் ஸ்வீடனுக்கும் ஐஸ்லாந்துக்கும் போர்ச்சுகலுக்கும் போவார்கள். அமெரிக்க வீராங்கனைகள் சங்கம் போராடி வாங்கிய எந்த உரிமையும் அங்கே அவர்களோடு போகாது. அந்தச் சங்கம் தன் லீகில் ஆடுபவர்களுக்கானது. ஐஸ்லாந்தின் சாரா பியோர்க், மகப்பேறு காலச் சம்பளத்துக்காக லியோன் போன்ற பெரிய கிளப்பையே ஃபிஃபா தீர்ப்பாயத்தில் எதிர்த்து வென்றார் என்றால், அவர் பின்னால் உலக வீரர்கள் சங்கம் நின்றது. ஒரு சிறு தீவில் ஒற்றைப் பருவ ஒப்பந்தத்தில் இருக்கும் 22 வயதுப் பெண்ணுக்கு, அறுவை சிகிச்சைச் செலவை யார் கொடுப்பார்கள், கிளப் திவாலானால் ஊருக்குத் திரும்ப டிக்கெட் யார் எடுப்பார்கள் என்பது கையெழுத்துப் போடும் முன் எழுத்தில் இருக்க வேண்டும். அந்தத் தாளைப் படித்துச் சொல்ல, புறப்படும் நாட்டிலும் சேரும் நாட்டிலும் அவருக்கென்று ஒரு சங்கம் இருக்க வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இந்தப் பெண்களின் ஆட்டத்தால் நான்கு ஆண்டுகள் பெயர் பெறுகின்றன. இந்த வேலையை அவை இன்றே தொடங்கலாம்.